மேஜர் எழுத மறந்த கேன்டீன் கணக்கு

சீருடைக்குப் பின்... – 9

சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் 1963-ல் தொடங்கியது. குறுகிய காலப் பணி அதிகாரிகள் பலர் தோளில் நட்சத்திரம் ஏறி வெளியே வருவது இங்கிருந்துதான். 10 ஆண்டு பணி, விரும்பினால் மேலும் 4 ஆண்டு நீட்டிப்பு. நிரந்தரப் பணி கிடைக்காதவர்கள் முப்பதைத் தாண்டிய வயதில், வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் பிள்ளையுமாக இருக்கும்போது, சீருடையைக் கழற்றியாக வேண்டும். பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் கிடையாது.

அந்த நேரத்தில் பலர் தட்டிப் பார்க்கும் கதவு, எம்.பி.ஏ.

பணி அனுபவம் உள்ளவர்களுக்கென்றே ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பி.ஜி.பி.எக்ஸ்., பெங்களூரு ஐ.ஐ.எம்.மில் இ.பி.ஜி.பி. என்று ஒரு வருடப் படிப்புகள் இருக்கின்றன. ஐதராபாத் ஐ.எஸ்.பி.யின் ஒரு வருடப் படிப்பும் இவர்களுக்குத் தோதானதுதான். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுப் பிரிவான டி.ஜி.ஆர்., ஓய்வுபெறப் போகும் அதிகாரிகளுக்காக ஐ.ஐ.எம்.களில் நடத்தும் சுமார் 6 மாதப் பயிற்சி வேறு. அதில் கிடைப்பது சான்றிதழ்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

சரி, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? ராணுவக்காரரின் கை முதலில் பதவி, பதக்கம், படைப்பிரிவின் பெருமை என்றுதான் போகும். ‘120 பேருக்குத் தலைமை தாங்கினேன்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். தேர்வுக் குழுவுக்கு இது புதிதல்ல. கம்பெனி கமாண்டராக இருந்த எல்லோருமே ஏறக்குறைய அத்தனை பேருக்குத் தலைமை தாங்கியவர்கள்தான். பத்து விண்ணப்பங்களில் அதே வரி இருந்தால் எதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

இப்படி எழுதும் ஒரு மேஜர் ஏதோ ஒரு வருடம் மிலிட்டரி கேன்டீனுக்குப் பொறுப்பு அதிகாரியாக இருந்திருப்பார். வழக்கமான வேலைக்கு மேல் தலையில் கட்டப்பட்ட கூடுதல் வேலை என்பதால் அதை அவர் வேலையாகவே நினைத்திருக்க மாட்டார். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சி.எஸ்.டி. (கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட்) கிடங்கிலிருந்து எந்தச் சரக்கு எவ்வளவு வரவழைப்பது என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். தீபாவளி நெருங்கும்போது மிக்ஸியும் குக்கரும் கேட்டு முன்னாள் ராணுவத்தினர் வரிசையில் நிற்பார்கள். விற்காத ஷாம்பு அலமாரியில் தூங்கும். இருப்பைச் சரிபார்த்து, தணிக்கைக்குக் கணக்கு காட்டி, மிஞ்சும் லாபத்தைப் படைப்பிரிவின் நலநிதியில் சேர்க்க வேண்டும். ஒரு சூப்பர் மார்க்கெட் மேலாளர் செய்வதில் இதில் எது குறைகிறது? பிசினஸ் ஸ்கூலுக்கு மிக அருகில் இருக்கும் அனுபவத்தை விட்டுவிட்டு துப்பாக்கிச் சூட்டைப் பற்றி இரண்டு பத்தி எழுதுவது, கையில் இருக்கும் காசைக் கீழே போடுவதுதான்.

இன்னொரு உதாரணம் லடாக். 11,500 அடிக்கு மேல் இருக்கும் ஸோஜி லா கணவாய் குளிர்காலத்தில் பனியால் மூடிக்கொள்ளும். முன்பெல்லாம் மாதக்கணக்கில் அடைந்து கிடக்கும். இப்போது அடைப்பு நாட்கள் குறைந்திருக்கின்றன. பாதை திறந்திருக்கும் கோடைக்குள் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட வேண்டும். கணக்குத் தப்பினால் ஜனவரியில் கடைக்குப் போய் வாங்க முடியாது. இந்த வேலையில் இருந்த ஓர் அதிகாரி, எதை முதலில் ஏற்றினார், எதைக் கைவிட்டார், ஏன் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். சப்ளை செயின் பாடம் நடத்தும் பேராசிரியரே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பார்.

ஒரு எச்சரிக்கை: 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்று எழுதித் தொலைக்க வேண்டாம். செலவு எத்தனை சதவீதம் குறைந்தது, எத்தனை நாள் மிச்சமானது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

பரிந்துரைக் கடிதத்திலும் சறுக்கல் உண்டு. கீழ் அதிகாரிகளின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதிப் பழகிய கர்னல், ‘நேர்மையானவர், கடமையுணர்வு மிக்கவர்’ என்று வாழ்த்துமடல் பாணியில் எழுதிக் கொடுப்பார். அவரிடம் உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு சம்பவத்தை நினைவூட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. பெரிய நட்சத்திரக்காரர் கையெழுத்தைவிட, கூடவே இருந்து பார்த்த அதிகாரியின் அரைப் பக்கம் எடை கூடியது.

ஜிமேட் நுழைவுத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 45 நிமிடம் வீதம் 3 பகுதிகள், 205 முதல் 805 வரை மதிப்பெண், 5 ஆண்டு செல்லுபடி. கல்லூரியை விட்டுப் பத்து வருடமானவருக்குக் கணக்கு துருப்பிடித்திருக்கும் என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது இந்த மதிப்பெண்தான். அமைதியான ஊரில் பணியில் இருக்கும்போதே எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவில் இந்தப் பாதை பழசு. 1944-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ‘ஜி.ஐ. பில்’, போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசின் தலையில் வைத்தது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் 1949-ம் ஆண்டு வகுப்பில் முன்னாள் படைவீரர்களே பெரும்பான்மை. கடற்படையிலிருந்து வந்து அந்த வகுப்பில் படித்த ஜேம்ஸ் பர்க், பின்னாளில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தலைவரானார். 1982-ல் அந்த நிறுவனத்தின் வலிநிவாரணியான டைலனால் கேப்சூலில் யாரோ விஷம் கலந்தபோது, நாடு முழுக்கச் சரக்கைத் திரும்பப் பெற்றது அவர் தலைமையில்தான். 2012-ல் அதே நிறுவனத்தின் தலைமைக்கு வந்த அலெக்ஸ் கோர்ஸ்கி, வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் படித்து 6 ஆண்டு ராணுவத்தில் இருந்தவர். ஜான்சன் அண்ட் ஜான்சனில் அவர் தொடங்கியது விற்பனைப் பிரதிநிதியாக. வார்ட்டன் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. முடித்தது அதற்குப் பிறகு.

நம் அதிகாரிகளுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. கட்டணம் பெரும்பாலும் பணிக்கொடையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான் போகிறது. அதனால்தான் ‘ஏன் எம்.பி.ஏ.?’ என்ற கேள்விக்கு ‘பணி முடிகிறது, அதனால்’ என்ற பதில் குழுவுக்கு மட்டுமல்ல, சொந்தக் குடும்பத்துக்கும் போதாது. எந்தத் துறை, என்ன வேலை, அதற்கு இந்தப் படிப்பில் எது தேவை என்று சொல்லத் தெரிய வேண்டும். லாப நட்டக் கணக்குக்குப் பொறுப்பேற்றதில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். கற்கத்தானே போகிறார்கள்.

உங்கள் வீட்டில் பணி முடிய இரண்டு வருடம் இருக்கும் கேப்டனோ மேஜரோ இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எடுத்த முடிவுகளையும், சொதப்பியவற்றையும், ரகசியத்தைத் தொடாமல் எழுதி வைக்கட்டும். பணி முடிந்து கிளம்பும் நாளில் படைப்பிரிவின் கோப்பு எதையும் கையோடு எடுத்துவர முடியாது.

(அடுத்த வாரம்: நேர்முகத் தேர்வு)