கணக்கறைக் காவல் – 9: முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

சூலக்கரை, விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பருப்பு மில், எண்ணெய் மில், அச்சகம், பட்டாசு ஆலை என எதை எடுத்தாலும் பெரும்பாலும் குடும்ப நிறுவனம்தான். இயக்குநர் குழு என்றால் அப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் அவர்கள் முன்னால் போய், “ஃபயர்வால் பழசாயிருச்சுங்க, ரான்சம்வேர் வந்துரும்” என்றால், “தீபாவளி முடியட்டும் தம்பி, பார்க்கலாம்” என்று பதில் வரும். முதலாளிக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. முடிவெடுக்கத் தேவையான செய்தி அவர் காதுக்குப் போகவில்லை.

கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர் 6ஆம் தேதி வேலை செய்யவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தார்கள். மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் தெரியவந்தன: துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். பிரிண்டரை முடக்கியவர்கள் திருடர்களே. மறுநாளே கண்டுபிடித்துவிட்டதால் உடனடியாக மீட்பு வேலையில் இறங்க முடிந்தது. துபாய்க்குப் போன தொகை தடுக்கப்பட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் பிரிண்டர்தான் முதலில் நின்றது. வழக்கமான பழுது என்று விட்டுவிட்டார்கள். சுமார் 95 கோடி டாலருக்குக் குறிவைத்த திருடர்கள் 8.1 கோடி டாலரை மணிலாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நிதியமைச்சருக்கு உரிய நேரத்தில் தகவல் போகவில்லை. மார்ச் மாதம் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் இயக்குநர்கள் முன் வைக்கும்போது மால்வேரின் பெயரோ அது நுழைந்த வழியோ வேண்டாம். “நம்ம ஆபீஸில் ஒரு மிஷின் காரணமில்லாமல் நின்றால், எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் சொல்லணும்?” என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை, நிர்வாகம் தெரிந்தால் போதும்.

மற்ற ஆபத்துகளையும் இப்படியே தொழிலின் கணக்கில் சொல்லுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பில் போடும் கணினி முடங்கினால் இ-வே பில் எடுக்க முடியாது, லாரி கிளம்பாது. ஒரு நாளைக்கு எத்தனை லோடு நிற்கும், எவ்வளவு ரூபாய் முடங்கும் என்பதை முதலில் சொல்லுங்கள். அதைத் தடுக்க ஆகும் செலவு அடுத்தது. பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்பது மூன்றாவது. ஒரே பக்கத்தில் இது அடங்க வேண்டும்.

பட்டாசு ஆலையில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவது ஏன் என்று எந்த முதலாளிக்கும் விளக்கத் தேவையில்லை. ஓர் அறையில் பற்றியது அடுத்த அறைக்குத் தாவக் கூடாது. கணக்குக் கணினியையும், வருகிறவர் போகிறவர் பயன்படுத்தும் வைஃபையையும் பிரித்து வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

சட்டமும் இப்போது காத்திருப்பதில்லை. வங்கிகளுக்கு இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த தனி சைபர் பாதுகாப்புக் கொள்கை வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவுப்படி, பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தந்த கூடுதல் அவகாசமும் அந்த ஆண்டு செப்டம்பர் 25உடன் முடிந்துவிட்டது.

அந்த 6 மணி நேரத்தைப் பெரும்பாலும் தின்றுவிடுவது பயம். தவறான லிங்க்கைத் தொட்டுவிட்ட குமாஸ்தா, திட்டு விழுமே என்று சாயங்காலம் வரை வாயைத் திறக்க மாட்டார். அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டியிருக்கும்.

ஆகவே முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருகிறவரைத் திட்டாதீர்கள். இன்றே ஊழியர்களைக் கூப்பிட்டு, சந்தேகம் வந்த நிமிடமே உங்களிடம் சொல்லலாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்று கணக்கறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

(தொடரும்)