குழந்தைக்குப் புத்தகம் வாங்குமுன்

பிறந்த நாள், காதணி விழா, பள்ளியில் சேர்க்கும் விஜயதசமி என்று நம் வீடுகளில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. அவற்றுக்குப் போகிறவர்களில் சிலர், பொம்மைக்கும் டிபன் பாக்ஸுக்கும் பதிலாக ஒரு புத்தகம் கொடுப்போமே என்ற நல்லெண்ணத்துடன் கடைக்குள் நுழைந்து, அட்டையின் பளபளப்பையும் கையில் தெரியும் கனத்தையும் பார்த்து, விலை நாலு பேர் மதிக்கும்படி இருக்கிறதா என்றும் பார்த்து, உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமலே வர்ணக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அப்படி வந்த புத்தகங்களின் கதியை என் தங்கை வீட்டு அலமாரியில் கண்டேன். அவள் மகளுக்கு ஆறு வயது. மேல் தட்டில் மூன்று பொது அறிவுக் களஞ்சியங்கள், அவற்றில் ஒன்று கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்கப்படாமல், விறைப்பாக நின்றன. கீழே தலையணைக்குப் பக்கத்தில் பதினாறு பக்கப் படக்கதை ஒன்று கிடந்தது. பின் கழன்றுபோனதால் தங்கை அதன் நடுமுதுகை வெள்ளை நூலால் தைத்திருந்தாள். ஓரங்களில் முறுக்குத் தின்ற கையின் எண்ணெய்க் கறை. குழந்தை அதைத்தான் என் மடியில் போட்டாள். படித்துக்கொண்டே வந்தவன் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். "இங்க யானை தும்மணும் மாமா, விட்டுட்டீங்க" என்று அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

ஒரு குழந்தைப் புத்தகத்துக்குரிய லட்சணம் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த நூல் தையலைத்தான் காட்டுவேன். அத்தகைய புத்தகத்தைக் கடையிலேயே இனங்கண்டுகொள்ள ஒரு வழி உண்டு: வாங்குகிறவர் அதை முதலிலிருந்து கடைசிவரை, உதடு அசையவாவது, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுவது. பதினாறு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் போதும். நமக்கு நாக்குத் தடுக்குகிற இடத்தில் குழந்தைக்கு மனமே தடுக்கும்.

தமிழில் இந்தச் சோதனை மிகவும் அவசியம். பேச்சில் 'போறா' என்று கேட்டுப் பழகிய குழந்தை, ஏட்டில் 'சென்றனள்' என்பதைக் காணும்போது அது வேறு தேசத்துப் பாஷையோ என்று மலைத்துப்போகிறது. 'போய்க்கொண்டிருந்தாள்' என்ற ஒரே சொல்லில் 10 எழுத்துகள் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை கடைசி எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடும். அந்தச் சொல்லும் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் அதன் பிரயாசையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே தானே படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு, பெரிய எழுத்தும், சிறிய சொல்லும், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியுமாக உள்ளதைத் தேடுங்கள். ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளும் சக்தி, படித்துப் புரிந்துகொள்ளும் சக்தியைவிட வெகுதூரம் முன்னே ஓடுவது என்பதால், பெரியவர்கள் படித்துச் சொல்லப்போகும் புத்தகம் குழந்தையின் வகுப்பைவிட ஒரு படி உயர்ந்திருந்தாலும் பாதகமில்லை. ஒரு வயதுக் குழந்தைக்கோ புத்தகம் வாயில் வைத்துப் பார்க்கிற வஸ்து. அதற்குக் கெட்டி அட்டைப் பக்கமோ துணிப் பக்கமோதான் பொருந்தும்.

விலையைக் கண்டு தரத்தை நிர்ணயிக்க வேண்டாம். 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே படங்களை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றிப் பல பாஷைகளில் அச்சிட்டதனால், நல்ல சித்திரக்காரர்களின் வேலை சொற்ப விலைக்கு நம் குழந்தைகளின் கைக்கு வந்தது. சோவியத் நாட்டின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய கதைப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் வாங்கிப் படித்தவர்கள், அந்தப் பனிக்காட்டையும் கரடியையும் இன்றும் கண்ணெதிரே காண்பவர்களாகவே பேசுகிறார்கள். 1991இல் அந்த நாடு கலைந்ததோடு அந்த வரவும் நின்றுபோயிற்று. இன்று சென்னையில் தூலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வெளியிடுகின்றன. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் குழந்தைக்கும், தமிழ் எழுத்து அவ்வளவாகப் பழகாத வெளியூர்ப் பேரப்பிள்ளைக்கும் இவை மிகவும் உபயோகமானவை.

பாட்டு வேண்டுவோர் அழ. வள்ளியப்பாவைத் தவறவிடக் கூடாது. புதுக்கோட்டைச் சீமையின் ராயவரத்தில் 1922இல் பிறந்து, வங்கி உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆயுள் முழுவதும் குழந்தைகளுக்காகவே பாடிய அவருடைய சந்தம், எழுத்தறியாத பிள்ளையின் காலையும் ஆடவைக்கும். பத்து வயதை எட்டிய பிள்ளைக்கு, ஜப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயநாகி தம் பள்ளி நாட்களை எழுதிய 'டோட்டோ-சான்' தமிழிலேயே கிடைக்கிறது. முன்பு படித்த பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு வந்த சிறுமியின் பேச்சைத் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் அந்த இடத்துக்காகவே, வாங்குகிறவரும் அதைப் படிக்கலாம்.

நீதிக் கதைகளைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி உபதேசம் அச்சிட்ட புத்தகத்தை நான் வாங்குவதில்லை. பொய் சொல்லாதே என்று குழந்தைக்குச் சொல்ல வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நரியின் பொய்யில் அகப்பட்டுக்கொண்ட காக்கையின் தவிப்பைத் தானே அனுபவிக்கும் சந்தர்ப்பத்தைத் தரக் கதை ஒன்றால்தான் முடியும்.

இனி ஒரு வேண்டுகோள். வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் குழந்தையின் பெயரையும் தேதியையும் உங்கள் கையெழுத்தையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பந்திக்கு எழுந்துபோய்விடாமல், குழந்தை அதைப் பிரிக்கும்வரை கூடவே இருந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, முதல் தடவை நீங்களே படித்துக் காட்டுங்கள்.