வான் பார்க்க லேசர் வாங்கும் முன் சுங்கச் சட்டத்தைப் பாருங்கள்

பிறை பார்ப்பதில் தொடங்கி வானியலில் ஆர்வம் கொள்ளும் இளைஞர்கள் நம் சமுதாயத்தில் பெருகி வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். கி.பி. 964-ல் அப்துர் ரஹ்மான் அல்சூஃபி தம் விண்மீன் நூலில் ஆண்ட்ரோமெடாவை ஒரு சிறு மேகம் போலக் குறித்து வைத்தார். அந்த மரபு மீண்டும் துளிர்ப்பது நல்ல செய்திதான். ஆனால் தொலைநோக்கியோடு சேர்த்து லேசர் கருவிகளையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஆஸ்திரேலியாவில் வாழும் சகோதரர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

ஆஸ்திரேலியாவின் 1956-ஆம் ஆண்டு சுங்க ஒழுங்குமுறை, இறக்குமதிக்குத் தடை செய்யப்பட்ட பொருட்களைப் பட்டியலிடுகிறது. 1 மில்லிவாட்டுக்கு மேல் ஒளித்திறன் கொண்ட, கையில் பிடித்துப் பயன்படுத்தும் லேசர் பாயிண்டர்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. முன் அனுமதி பெற்றவர் மட்டுமே அவற்றைக் கொண்டுவரலாம். பொருள் நாட்டுக்குள் வந்து சேரும் முன்பே அந்த அனுமதி கையில் இருக்க வேண்டும். பார்சல் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் பொருள் பறிமுதலாகும்; வழக்கும் வரக்கூடும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. 2008 மார்ச்சில் சிட்னி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானங்கள் மீது ஒரே இரவில் பல பச்சை லேசர்கள் பாய்ச்சப்பட்டன. விமானங்களின் பாதையை மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் இறக்குமதி விதி இறுக்கப்பட்டது.

லேசர் என்றால் ஒரு சிறு புள்ளி மட்டும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். கையடக்க லேசரின் கதிர் தூரம் செல்லச் செல்ல விரியும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமாகிவிடும். விமானியின் முன்கண்ணாடியில் பட்டதும் சிதறி, அறை முழுவதும் பச்சை ஒளியாக நிறையும். தரையிறங்கும் அந்தச் சில நொடிகளில் விமானியின் கண் கூசினால், உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு யார் பொறுப்பு?

லேபிளை நம்பலாமா?

"1 மில்லிவாட்டுக்குக் குறைவு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் பார்ப்பது கருவியின் உண்மையான திறனைத்தான், ஒட்டப்பட்ட சீட்டை அல்ல. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனம் 122 லேசர் பாயிண்டர்களைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டது. அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 5 மில்லிவாட். பச்சை லேசர்களில் சுமார் 90 விழுக்காடும் சிவப்பு லேசர்களில் சுமார் 44 விழுக்காடும் விதிகளுக்கு உட்படவில்லை.

மலிவான பச்சை லேசரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதற்குள் முதலில் உருவாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதுதான் படிகங்களின் வழியே 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றப்படுகிறது. வடிகட்டி வைக்காத கருவிகளில் அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமை தானாக மூடாது, விழித்திரை பாதிக்கப்படலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டுப் பொருள் அல்ல.

இரண்டு அனுமதிகள்

சுங்க அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வைத்திருப்பதற்கும் பொது இடத்தில் எடுத்துச் செல்வதற்கும் மாநிலச் சட்டம் தனியாக உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசர் பாயிண்டர், தடை செய்யப்பட்ட ஆயுதமாகவே கருதப்படுகிறது. விக்டோரியா போன்ற மாநிலங்களில் வானியல் சங்க உறுப்பினர்களுக்கு விலக்கு இருந்தாலும் அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆகவே முதலில் உள்ளூர் வானியல் சங்கத்தில் சேருங்கள். உறுப்பினர் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் மாநிலக் காவல்துறையின் விதியைக் கேட்டறிந்து, பிறகு சுங்க அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பணம் கட்டி ஆர்டர் செய்வது கடைசிப் படியாக இருக்கட்டும்.

ஊரிலிருந்து திரும்பும் பயணிகளுக்கும் இதே விதிதான். பெட்டியில் லேசர் இருந்து, சந்தேகமும் இருந்தால் வருகை அட்டையில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். வழியில் இறங்கும் நாட்டின் சட்டமும் முக்கியம். துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் சிவப்பு லேசர் பேனாவும் இடம்பெற்றிருக்கிறது. நியூசிலாந்திலும் 2014 முதல் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு.

உண்மையில் தேவைதானா?

விண்மீனைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் வசதியானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிறை பார்க்க அது பயன்படாது. பிறை தெரிவது மஃக்ரிப் நேரத்தை ஒட்டி, மேற்கு அடிவானத்தில், வெளிச்சம் முழுதாக மறையாத வேளையில். அந்த வெளிச்சத்தில் லேசர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அடிவானத்தை நோக்கித் தாழ்வாகப் பாய்ச்சும்போது விமானமும் வாகனமும் குறுக்கே வரும் வாய்ப்புதான் அதிகம். அதற்குப் பதில் கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. "அந்த மரத்துக்கு மேலே அரை முஷ்டி" என்றால் பக்கத்தில் நிற்பவருக்குப் புரிந்துவிடும்.

தொலைநோக்கியைக் குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளிக் காட்டியில் இருப்பது பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கு, அது வானில் கதிரைப் பாய்ச்சுவதில்லை. ஆடிகளைச் சரிசெய்யும் லேசர் கொலிமேட்டர் தேவைப்பட்டால், 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதை, ஆய்வறிக்கை தரக்கூடிய நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள். லேசரே இல்லாமல் ஆடியைச் சரிசெய்யும் செஷையர் கண்வில்லையும் கிடைக்கிறது.

"விளக்கு" என்றோ "பொம்மை" என்றோ எழுதிப் பார்சல் அனுப்பச் சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அது பொய். குடியேறிய நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்வோம் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்; ஒப்பந்தத்தைப் பேணுவதும் பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பதும் நம் மார்க்கக் கடமைகள். வானத்தைப் பார்த்துப் படைத்தவனின் வல்லமையைச் சிந்திக்க விரும்பும் நாம், அதே வானில் பறப்பவர்களுக்கு ஆபத்தாகிவிடக் கூடாது. இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தரும்போது இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.