உளியும் பிடியும்



நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸ் நமக்கு அறிவிக்கின்றது. ஆகவே, மரவேலைக்குத் தம் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் நாணவேண்டியதில்லை. திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்களால் வேரூன்றியதாகச் சொல்லப்படும் கர்நாடகத்துச் சன்னபட்டணாவின் பொம்மைத் தொழில், கடைசல் தொழிலே. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கடைசலில் பிறந்தவையே.

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கடைசல் எந்திரம் வாங்கினார். கையிருப்பு அதற்கே தீர்ந்துவிட, எட்டு உளிகள் அடங்கிய மலிவான பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தார். மூன்றாம் வாரத்தில் சுழலும் மரத்தில் உளி மாட்டியது, பிடி பிளந்தது, உள்ளங்கையில் ஐந்து தையல். "இந்தத் தொழிலே வேண்டாம்" என்று அவருடைய தாயார் அழுதார். குற்றம் தொழிலின் மீதன்று, கருவியின் மீது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

கடைசலில் பெரும்பகுதி வேலையைச் செய்வது, வாய் குழிந்த குழியுளியாகும். முதலில் அதன் எஃகைக் கேளுங்கள். சாணை பிடிக்கும்போது கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டி நீலம் பாய்ந்தால், அவ்விடத்தின் பதம் போய்விடும். டங்ஸ்டன், மாலிப்டினம் முதலியன கலந்த ஹைஸ்பீடு ஸ்டீலோ 500 டிகிரியிலும் கடினம் குன்றாது. விலை கூடுதலே, ஆயினும் கூர் நெடுநேரம் நிற்கும்.

அடுத்து, குழிவினை உற்றுநோக்குங்கள். குழிவின் பரப்பும் சாணை பிடித்த பரப்பும் சந்திக்கும் கோடே கூர். குழிவில் அரைத்த வரிகள் இருந்தால், கூரும் பற்பற்களாகவே அமையும். குழிவு வழுவழுப்பாக இருத்தல் வேண்டும்.

எட்டு உளிகள் தேவையில்லை, மூன்று போதும். சதுரக் கட்டையை உருளையாக்க அகன்ற குழியுளி ஒன்று; கட்டில்கால் போன்றவற்றுக்கு ஆழமற்ற குழியுளி ஒன்று; கிண்ணம் குடைய ஆழ்ந்த குழியுளி ஒன்று. முதலாவதைக் கிண்ணத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பிடிக்குள் இறங்கும் அதன் வால் மெலிந்தது. கிண்ணம் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தின் வெட்டுமுனை இருமுறை உளியைத் தாக்கும்; வால் ஒடிந்துவிடும்.

அளவிலும் கவனம் தேவை. கிண்ண உளியை ஆங்கிலேய முறையில் குழிவைக் கொண்டு அளப்பர். அமெரிக்க முறையில் கம்பியின் குறுக்களவைக் கொண்டு அளப்பர். முன்னதில் 3/8 அங்குலம் என்பது பின்னதில் 1/2 அங்குலமாகும். விலையை ஒப்பிடுமுன் கம்பியையே அளந்து பாருங்கள்.

இனி, பிடி. நன்கு உலர்ந்த, கணுவில்லாத, இழை நேராக ஓடும் மரமே ஏற்றது. நம் நாட்டில் கருவேலம் இதற்குப் பெயர் பெற்றது. ஈரமரத்தில் செய்த பிடி உலர்ந்து சுருங்கினால் பூண் தளர்ந்துவிடும். ஆதலால் பூணைத் திருகி அசைத்துப் பாருங்கள். உளி நெம்புகோல் போன்றது: தாங்கும் சட்டத்துக்கு அப்பால் உளி நீள நீள, அதனை அடக்கப் பிடியும் நீளவேண்டும். கட்டில்கால் வேலைக்கு 10 அல்லது 12 அங்குலப் பிடி போதும். கிண்ணத்துக்கு 16 அங்குலமாவது வேண்டும். பளபளப்பான வார்னிஷ் வியர்வையில் வழுக்கும். எண்ணெய்ப் பூச்சே நலம்.

கருவிக்கடை நடத்தும் சகோதரர்களே! விரிசல் விட்ட பிடிக்கு வர்ணம் பூசி விற்பது, குறையை மறைத்து விற்பதன்றோ? மார்க்கம் அதனைத் தடுத்துள்ளது. வாங்குபவரின் கையும் உங்களிடம் ஓர் அமானத்தே.

அம்மாணவரின் காயம் ஆறிற்று. பெட்டியை ஒதுக்கிவிட்டு, பிடியில்லாத நல்ல குழியுளி ஒன்றை மட்டும் வாங்கினார். கருவேலங்கட்டையில் பிடியைத் தாமே கடைந்து பொருத்தினார். அவ்வுளியால் முதலில் செய்த சப்பாத்திக் கட்டையைத் தாயாரிடம் கொடுத்தார். அந்த அம்மையார் இப்போது தொழிலை விடச் சொல்வதில்லை.

உழைக்கும் நம் பிள்ளைகளின் கரங்களை வல்ல அல்லாஹ் பாதுகாத்து, அவர்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.