பாலூட்டும் தாயும் பச்சிளங் குழந்தையின் உறக்கமும்

டாலிகஞ்சில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்தவுடன் இரு கவலைகள் எழுகின்றன. பால் போதுமா? இரவில் எங்கே படுக்க வைப்பது? பேறுகாலத்திற்கு வந்த தாயார் சென்னை மெயிலேறி ஊர் திரும்பிய பின்னர், கேட்டறிய வீட்டில் மூத்தோர் இலர். கைபேசியும் அண்டை வீட்டாருமே ஆசான்கள்.

அவர்கள் கூறுவனவோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பாலூட்டலில் பயின்ற செவிலியர், குழந்தையை அருகிலேயே வைத்து, அது கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்கச் சொல்கிறார். மேனாட்டு மருத்துவர் குறிப்போ, ஒரே படுக்கை ஆகாது என்கிறது. ஒரே பாதைக்கு ஒரு கைகாட்டி இறங்கியும் மற்றொன்று இறங்காமலும் நின்றால் ஓட்டுநர் யாது செய்வார்? தாயும் அவ்வாறே திகைக்கிறாள்.

இரு சாரார் கூற்றையும் ஊன்றி நோக்கின், ஒற்றுமையே மிகுதி என்பது விளங்கும். குழந்தையை மல்லாந்தே உறங்க வைக்க வேண்டும் என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். அமெரிக்காவில் 1994இல் இதற்கெனப் பெரும் பிரசாரம் தொடங்கிய பின், உறக்கத்தில் காரணமின்றி நேரும் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தாய்ப்பால் அவ்வபாயத்தைக் குறைக்கிறது என்பதும் இருவர்க்கும் உடன்பாடே.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல், ஒரே அறையில் தனிப்படுக்கை நன்று என்றது. தாய்ப்பால் மருத்துவ அகாடமியோ 2020இல், பாலூட்டும் தாய் குழந்தையுடன் உறங்குவதை அடியோடு விலக்காது, அபாயங்களை எடுத்துரைக்கும்படி மருத்துவர்க்கு அறிவுறுத்தியது. எனினும் சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வதே பெருங்கேடு என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. படுக்கைக்கு அஞ்சி நள்ளிரவில் சோபாவில் அமர்ந்து பால் கொடுக்கும் தாய், களைப்பால் அங்கேயே உறங்கிவிடுகிறாள். அச்சமே அபாயத்திற்கு வழிகோலுகிறது.

ஆகவே நம் இல்லங்களில் செய்யத்தக்கன சில. தாயின் படுக்கையருகே குழந்தைக்கெனத் தட்டையான, கெட்டியான தனிப்படுக்கை அமைக்கலாம். உறக்கம் வரும்போலிருந்தால் சோபாவை விடுத்துப் படுக்கையிலேயே பாலூட்டுக. அதற்கு முன் தலையணையையும் கனத்த போர்வையையும் குழந்தையினின்று அகற்றுக. வங்காள அண்டை வீட்டார் அன்போடு தரும் கடுகுத் தலையணையும், மார்கழிக் குளிருக்கான ரஜாயும் குழந்தையின் முகத்தருகே வேண்டா. குளிருக்கு உடம்பில் ஓர் உடுப்பு மிகுதியாக அணிவித்தால் போதும். நம் சேலைத் தூளியில் உடல் மடங்கித் தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுத் தடைபடக்கூடும். இரவு முழுதும் அதில் விடலாகாது.

பெற்றோரில் எவரேனும் புகைப்பவராயினும், மது அருந்தியிருப்பினும், உறக்கம் தரும் மருந்து உட்கொண்டிருப்பினும் குழந்தை தனிப்படுக்கையிலேயே உறங்க வேண்டும். குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தைக்கும் இதுவே விதி. அத்தகைய குழந்தைகட்குத் தாய்ப்பாலின் தேவையும் மிகுதி. அதனாலன்றோ நம் நகரின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் 2013இல் ‘மதுர் ஸ்நேகா’ என்னும் தாய்ப்பால் வங்கி தோன்றிற்று!

தாய்மார்களே, மருத்துவரிடம் செல்லுங்கால் வீட்டில் குழந்தை எங்கே, எவ்வாறு உறங்குகிறது என்பதை ஒளியாது கூறுங்கள். கண்டிப்பாரோ என அஞ்சி மறைத்தால், உங்கள் வீட்டிற்கேற்ற அறிவுரை கிட்டாது. தந்தையரே, இரவில் ஒரு முறையேனும் எழுந்து, பால் குடித்த குழந்தையை அதன் படுக்கையில் மல்லாந்து கிடத்துங்கள். ஊரிலிருக்கும் பாட்டி செய்திருக்கக் கூடிய பணி இங்கே நம்முடையது.