அப்டேட்டை 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடுறவரா நீங்க? இந்த 59 நாள் கதையைப் படிங்க!

ராத்திரி ரீல்ஸ் பார்த்துட்டு இருக்கும்போதுதான் கரெக்டா அந்த நோட்டிஃபிகேஷன் வரும். 'செக்யூரிட்டி அப்டேட் தயார். இப்போ இன்ஸ்டால் செய்யலாமா?' நம்ம விரல் தானாகவே 'லேட்டர்' பட்டனுக்குப் போயிடும். 2017-ல் இங்கிலாந்தின் பல அரசு மருத்துவமனைகளிலும் ஓர் அப்டேட் இப்படித்தான் தள்ளிப்போனது.

அந்த வருடம் மார்ச் 14-ம் தேதி, விண்டோஸுக்கு ஒரு முக்கியமான அப்டேட்டை வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டர் திறக்க உதவும் 'எஸ்.எம்.பி' வசதியில்தான் ஓட்டை. அதை இயக்கும் டிரைவர், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவறையான கெர்னலுக்குள் இருக்கும். அங்கே நுழைந்துவிட்டால் மொத்த கம்ப்யூட்டரும் கையில்!

அப்படி என்ன ஓட்டை? ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. 10,000 பேர் வருவதாக நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் 9,500 பேர்தான் எனத் தெரிகிறது. திருத்துகிறவர் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் அழித்து 9,500 என எழுதுகிறார். முன்னால் இருந்த 1 அப்படியே நிற்கிறது. இப்போ நோட்டில் இருப்பது 19,500! இலை போட்டதோ 9,500 பேருக்கு. வாசலில் இருப்பவர் நோட்டைப் பார்த்து 19,500 பேரை உள்ளே விட்டால், மிச்சப் பேர் பக்கத்து மண்டபத்துக்குள் புகுந்துவிடுவார்கள்தானே? அந்த டிரைவரிலும் ஓர் அளவைத் திருத்தும்போது எண்ணின் பாதி மட்டும்தான் மாறியது. அதனால் ஒதுக்கிய மெமரியைத் தாண்டி டேட்டா வழிந்தது. அந்த வழிசலுக்குள் தங்கள் கோடை ஒளித்து அனுப்பினால் போதும்... நீங்கள் எந்த லிங்க்கையும் க்ளிக் செய்யவே வேண்டாம்.

இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் 'எடர்னல்புளூ' டூல், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ-விடமிருந்து கசிந்ததாகச் சொல்லப்படுகிறது. ஏப்ரல் 14 அன்று அது இணையத்துக்கு வந்தது. மே 12 அன்று 'வான்னாக்ரை' வைரஸ் கிளம்பியது. அப்டேட் வந்து சரியாக 59 நாள்! 150 நாடுகளில் ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் லாக் ஆகி, 300 டாலர் கேட்டு மிரட்டின. இங்கிலாந்தில் மட்டும் 19,000-க்கும் அதிகமான மருத்துவ அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டதாக அந்நாட்டின் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. 22 வயது மார்கஸ் ஹட்சின்ஸ், வைரஸின் கோடில் இருந்த விசித்திரமான ஒரு வெப்சைட் முகவரியை 10 டாலர் சொச்சத்துக்குப் பதிவு செய்ய, அதுவே வைரஸின் பரவலுக்கு பிரேக் போட்டது.

'அப்டேட் பண்ணாதது அவங்க தப்பு'ன்னு முடிச்சிடலாமா? முடியாது பாஸ். ஸ்கேன் மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரை நினைச்ச நேரத்துல ரீஸ்டார்ட் செய்ய முடியாது. அப்டேட்டுக்குப் பிறகு மெஷின் ஒழுங்கா ஓடுமா என்றும் சோதிக்க வேண்டும். சிலவற்றில் 2014-லேயே சப்போர்ட் நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்.பி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால், அதே தணிக்கை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: இணையத்தைப் பார்த்திருக்கும் ஃபயர்வாலைச் சரியாகக் கவனித்திருந்தாலே தப்பித்திருக்கலாம். அதாவது, பூட்டை மாற்ற நாளாகும் என்றால் அதுவரை கதவையாவது சாத்தி வை. எஸ்.எம்.பி பயன்படுத்தும் 445-ம் எண் போர்ட்டை வெளியிலிருந்து அடைப்பது, பழைய முதல் வெர்ஷனை ஆஃப் செய்வது, அப்டேட் ஏற்க முடியாத மெஷினைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வைப்பது... இவ்வளவுதான் வேலை.

இதெல்லாம் தெரிந்த பிறகும், 2018 ஆகஸ்ட்டில் ஐபோனுக்கு சிப் தயாரிக்கும் தைவானின் டி.எஸ்.எம்.சி தொழிற்சாலைகளுக்குள் இதே வைரஸின் இன்னொரு வடிவம் நுழைந்தது. புதிதாக வந்த ஒரு மெஷினை, வைரஸ் இருக்கிறதா எனப் பார்க்காமலேயே நெட்வொர்க்கில் மாட்டியதுதான் காரணம்.

உங்க ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்'னு தேடினால், கடைசி அப்டேட்டின் தேதி தெரியும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால், 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'எஸ்.எம்.பி 1.0'-க்கு டிக் இருக்கான்னு பாருங்க. இருந்தால், எடுத்துடுங்க. பழைய பிரின்ட்டர் ஸ்கேனர் ஏதாவது அதை நம்பி ஓடினால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்!