ஒரு பருத்திச் செடியும் பல அலுவலகங்களும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. அங்கு உருவான ரகத்தின் விதைக்குச் சான்று வழங்குவது மாநில அரசின் விதைச் சான்றளிப்புத் துறை. விளைந்த பருத்தி ஏலத்துக்கு வரும் ராஜபாளையம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் மாநில வேளாண் விற்பனைத் துறையின் பொறுப்பில் இயங்குகிறது. அந்தப் பருத்திக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைப்பதோ புதுதில்லியில் அமர்ந்திருக்கும் ஓர் ஆணையம். சந்தை விலை அந்த ஆதரவு விலைக்குக் கீழே இறங்கினால் வாங்க வேண்டிய இந்தியப் பருத்திக் கழகம் வேளாண் அமைச்சகத்திலேயே இல்லை, ஜவுளி அமைச்சகத்தில் இருக்கிறது. ‘வேளாண்மைத் துறை’ என்று பொதுப்பேச்சில் ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுவது, தனித்தனிச் சட்டங்களாலும் ஆணைகளாலும் வெவ்வேறு காலங்களில் பிறந்த முகமைகளின், அதாவது ஒரு குறிப்பிட்ட பணிக்கென அமைக்கப்பட்ட அரசு அமைப்புகளின், தொகுப்பே ஆகும்.

இந்தியாவில் இத்தகைய துறை முதன்முதலில் தோன்றியதிலேயே பருத்திக்குப் பங்குண்டு. 1866-ஆம் ஆண்டின் ஒரிசாப் பஞ்சத்துக்குப் பிறகு எழுந்த கோரிக்கைகளும், இந்தியப் பருத்தி தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற மான்செஸ்டர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலும் சேர்ந்து, வைஸ்ராய் மேயோவின் காலத்தில் 1871-இல் வருவாய், வேளாண்மை, வணிகம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிய துறை உருவாகக் காரணமாயின. அதன் செயலாளராக இருந்தவர் பின்னாளில் காங்கிரஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஏ.ஓ.ஹியூம். ஆராய்ச்சிக்கான தனி அமைப்பு, அரச வேளாண் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து 1929-இல் வந்தது. அதுவே இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்.

விடுதலைக்குப் பின் வந்த அரசமைப்புச் சட்டம் வேளாண்மையை மாநிலப் பட்டியலில் வைத்தது. ஆகவே இன்றைய மத்திய வேளாண் அமைச்சகம் வயலில் நேரடியாக இறங்கிப் பணிசெய்யும் அமைப்பாக இல்லாமல், நிதியையும் தரவிதிகளையும் ஆய்வையும் கையில் வைத்திருக்கும் அமைப்பாகவே வளர்ந்திருக்கிறது. அதனுள் வேளாண்மை–உழவர் நலத்துறை, வேளாண் ஆராய்ச்சி–கல்வித் துறை என்ற இரண்டு துறைகள் உள்ளன. கால்நடையும் மீன்வளமும் 2019-இல் தனி அமைச்சகமாகப் பிரிந்தன. கூட்டுறவு 2021-இல் பிரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு வணிக–தொழில் அமைச்சகத்தின் கீழுள்ள பதிவகம் தந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்த்தால், ஒரே வட்டாரத்தின் விளைபொருள்கள் எத்தனை அமைச்சகங்களுக்கிடையே பகிரப்பட்டுள்ளன என்பது விளங்கும்.

முகமைகளின் பணிப்பங்கீடு மிகத் தெளிவாகத் தெரிவது விதையில்தான். 1996-இல் வெளியிடப்பட்ட எஸ்விபிஆர் 2 என்ற பருத்தி ரகம் தன் பெயரிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாங்கியது. இதுபோன்ற ஒரு ரகத்தின் தூய்மையைக் காக்கும் ஆராய்ச்சி நிலையம் தருவது வல்லுநர் விதை; அதிலிருந்து பெருக்கப்படுவது ஆதார விதை; ஆதார விதையிலிருந்து உழவருக்கென உற்பத்தியாவது சான்று விதை. மூட்டையின் வாயில் தைத்திருக்கும் அட்டையின் நிறம் இந்தப் படிநிலையைச் சொல்லிவிடும்: வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் மத்தியச் சட்டம். அதன்படி விதைப்பண்ணைக்குள் இறங்கிக் கலவன் செடிகள் பிடுங்கப்பட்டனவா என்று பார்க்கும் அலுவலர் மாநிலப் பணியாளர். சட்டம் ஓரிடத்திலும் கண்காணிப்பு வேறோரிடத்திலும் இருந்தபோதும் இந்த ஏற்பாடு பெருமளவு வெற்றி பெற்றிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு கையும் எதற்குப் பொறுப்பு என்பது அந்தச் சிறு அட்டையிலேயே எழுதப்பட்டிருப்பதுதான்.

விலையில் அந்தத் தெளிவு இல்லை. 1965-இல் வேளாண் விலை ஆணையமாகத் தொடங்கி, 1985-இல் பெயர் மாறிய வேளாண் செலவுகள்–விலைகள் ஆணையம் 22 பயிர்களுக்கு ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது. முடிவெடுப்பது மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும் நீண்ட இழைப் பருத்திக்கு 8,110 ரூபாயும் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. ஆனால் ஆணையம் ஒரு கிலோ பருத்தியைக்கூட வாங்குவதில்லை. பருத்திக் கழகம் வாங்கும்போது ஈரப்பதம் 8 விழுக்காடாக இருந்தால்தான் முழு விலை. 12 விழுக்காடு வரை கழிவுடன் ஏற்கப்படும். அதற்கு மேல் போனால் ஏற்பதில்லை. வடகிழக்குப் பருவமழை தள்ளிப்போய், வெடித்த காய் பனியில் நனைந்த ஆண்டில் அறிவிக்கப்பட்ட விலைக்கும் உழவர் கையில் சேரும் விலைக்கும் நடுவே நிற்பது இந்த ஈரப்பத அளவுதான். அதே விற்பனைக்கூடத்துக்குத் தேங்காய்க் கொப்பரையைக் கொண்டுவருபவருக்கு நிலைமை வேறு: கொப்பரை ஆதரவு விலைத் திட்டம் வேளாண் அமைச்சகத்துடையது, அதன் சார்பில் கொள்முதல் செய்வது நாஃபெட் என்ற கூட்டுறவு இணையம். ஒரே விற்பனைக்கூடத்துக்கு வரும் இரண்டு பொருள்களுக்குப் புதுதில்லியில் இரண்டு அமைச்சகங்கள் பொறுப்பேற்றிருப்பது வெறும் நிர்வாக நுணுக்கம் அன்று. கொள்முதல் மையம் திறக்கத் தாமதமானால் யாருக்கு மனு எழுதுவது என்ற கேள்வி அது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து சேத்தூர், தேவதானம் வரை நீளும் தோப்புகளில் மாவும் தென்னையும் அருகருகே நிற்கின்றன. தமிழக அரசின் பிரிவினையில் தென்னை வேளாண்மைத் துறையிடமும், மா தோட்டக்கலைத் துறையிடமும் இருக்கின்றன. மத்திய அரசிலோ தென்னைக்கென 1981 முதல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் தனியே இயங்குகிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தமிழகத் தோப்புகளில் பரவியபோது, பூச்சியை இனங்காண்பது ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களுக்கும், மருந்துக்கு அனுமதி தருவது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான மத்தியப் பதிவுக் குழுவுக்கும், தோப்புக்கு வந்து மஞ்சள் ஒட்டுப்பொறியைக் கட்டச் சொல்வது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் உதவி வேளாண்மை அலுவலருக்கும் உரிய பணிகளாயின. இந்த நீண்ட வரிசையில் உழவர் முகம் பார்த்துப் பேசுவது கடைசி ஆள் ஒருவரிடம் மட்டுமே.

யானையும் காட்டுப்பன்றியும் தோப்புக்குள் புகுந்தால் இந்த அலுவலராலும் ஒன்றும் செய்ய இயலாது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் எல்லையோரத்தில் பயிர்ச்சேதத்துக்கான இழப்பீடு வனத்துறையின் பொறுப்பு. 1862-இல் அமைந்த அமெரிக்க வேளாண்மைத் துறை இந்தப் பிரிவினைக்கு நேர்மாறானது: அங்கே 1905 முதல் வனப்பணியும் அதே துறைக்குள் அடங்கும், விலை ஆதரவைச் செயற்படுத்தும் முகமையும் அதற்குள்ளேயே இருக்கிறது, அந்த முகமையின் மாவட்டக் குழுக்களுக்கு உறுப்பினர்களை உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தியாவில் இப்படிப் பிரிந்து கிடக்கும் பணிகளை மாவட்ட அளவில் இணைப்பதற்காகவே வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை, சுருக்கமாக ‘ஆத்மா’, பதிவுபெற்ற சங்கமாக அமைக்கப்பட்டது. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தின் ஆய்வையும், பல துறைகளின் களப்பணியையும், வட்டார உழவர் ஆலோசனைக் குழுவின் தேவையையும் ஒரே செயல்திட்டத்தில் சேர்ப்பது அதன் நோக்கம். கருத்தளவில் இத்தனை முகமைகளிலும் சிறந்தது இதுவே. ஆயினும் அதன் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் பணியமர்த்தப்பட்டவர்கள். இணைப்புப் பணியை நிலையற்ற பணியாளர்களிடம் விட்டது பெரும் பிழை.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டத் தலைநகரான விருதுநகரில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில்தான் வேளாண்மை, தோட்டக்கலை, விற்பனை, வனம், வங்கி ஆகியவற்றின் அலுவலர்கள் உழவர் முன்னால் ஒரே அவையில் அமர்கிறார்கள். பருத்திக் கழகத்தின் பிரதிநிதியும் தென்னை வாரியத்தின் பிரதிநிதியும் ஆண்டுக்கு இருமுறையேனும், விதைப்புக்கு முன் ஒருமுறையும் கொள்முதல் தொடங்குமுன் ஒருமுறையும், அந்த அவைக்கு வந்தாக வேண்டும் என்று விதியாக்குவதற்குப் புதிய முகமையோ புதிய சட்டமோ தேவையில்லை. மத்திய ஜவுளி, வேளாண் அமைச்சகங்கள் இரண்டும் ஆளுக்கொரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதும்.